டவருக்குப் பயம், ஸ்கேனுக்கு ஆசை

கடலூர் மஞ்சக்குப்பமோ, புதுச்சேரி லாஸ்பேட்டையோ, ஒரு வீட்டு மொட்டைமாடியில் செல்போன் டவர் வைக்க ஆள் வந்தால் போதும், தெருவே திரண்டுவிடும். மனு எழுதுவார்கள், கையெழுத்து வாங்குவார்கள், கலெக்டர் ஆபீஸ் வரை போவார்கள். அதே தெருவில் ஒருவருக்கு இரண்டு நாள் தலைவலி என்றால், "எதுக்கும் ஒரு சி.டி. எடுத்துப் பாத்துடலாமா டாக்டர்?" என்று அவரே கேட்பார். சி.டி. ஸ்கேன் என்பது உடம்பைச் சுற்றிலும் எக்ஸ்ரே பாய்ச்சி எடுக்கும் படம். புற்றுநோயை மனதில் வைத்துப் பார்த்தால், இந்த இரண்டில் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியது ஸ்கேனைத்தான். டவருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஏன் என்று புரிந்துகொள்ள ஒரே ஒரு வித்தியாசம் தெரிந்தால் போதும்.

சூரிய வெளிச்சம், அடுப்பின் அனல், எஃப்.எம். அலை, எக்ஸ்ரே எல்லாம் ஒரே குடும்பம்தான். எல்லாமே மின்காந்த அலைகள். இந்த அலைகள் ஆற்றலைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகச் சுமந்து வருகின்றன. ஒரு பொட்டலத்தின் ஆற்றல் ஓர் அளவைத் தாண்டினால், அது அணுவில் இருக்கும் எலக்ட்ரானைத் தட்டி வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளக்கூடியதற்கு அயனியாக்கும் கதிர்வீச்சு என்று பெயர். எக்ஸ்ரேயும் காமா கதிரும் அந்த வகை. கதிரியக்கப் பொருள்கள் வெளிவிடும் ஆல்ஃபா, பீட்டா துகள்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. அந்த அளவுக்குக் கிட்டேகூட வராத அலை உடம்பைக் கொஞ்சம் சூடாக்கலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. (எல்லையில் நிற்கும் வெயிலின் புற ஊதாக் கதிர் தனி, அதற்குப் பிறகு வருவோம்.) செல்போன், வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு, டிவி ரிமோட் எல்லாம் இந்தப் பக்கம். செல்போன் அலையின் ஒரு பொட்டலத்தில் இருக்கும் ஆற்றல், சாதாரண வெளிச்சத்தின் ஒரு பொட்டலத்தில் இருப்பதைவிட லட்சம் மடங்குக்கு மேல் குறைவு.

"ஒன்று ஒன்றாகப் பார்த்தால் சின்னதுதான், ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் விழுகிறதே, சேர்ந்து பெரிதாகிவிடாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்புக்குள் போய் ஒரு பலாக்காயின் மேல் நாள் முழுக்க மணலை வாரி வாரி இறைத்துப் பாருங்கள். காய் விழாது. காம்பில் அரிவாளால் ஒரே ஒரு வெட்டு, விழுந்துவிடும். எலக்ட்ரானைத் தள்ளுவதற்கும் ஒவ்வொரு அடியின் பலம்தான் முக்கியம், அடிகளின் எண்ணிக்கை அல்ல.

அப்படியானால் டவருக்குக் கட்டுப்பாடே வேண்டாமா? வேண்டும், சூடாக்கும் வேலைக்காக. சர்வதேச வரம்பு ஏற்கெனவே இருந்தது. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் அதில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டார்கள். கைப்பேசிக்கும் ஒரு வரம்பு உண்டு: ஒரு கிலோ உடல் திசுவுக்கு 1.6 வாட். உங்கள் போனில் *#07# என்று அழுத்தினால் அதன் அளவு திரையில் வரும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், தலைக்கு வந்து சேரும் அலையில் பெரும்பங்கு காதோடு ஒட்டியிருக்கும் போனிலிருந்துதான் வருகிறது, தூரத்து டவரிலிருந்து அல்ல. டவர் தொலைவில் இருந்தால் சிக்னலை எட்டிப் பிடிக்க போன் இன்னும் பலமாக அலை வீச வேண்டியிருக்கும். டவரைத் தெருவை விட்டு விரட்டியவர்கள், தங்கள் காதருகே அலையைக் கூட்டிக்கொண்டதாகத்தான் ஆகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் ரேடியோ அலைகளை '2பி' என்ற பட்டியலில் சேர்த்தது உண்மைதான். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் பெரும்பாலும் அங்கிருந்து பிறந்தவை. அந்தப் பட்டியலுக்கு அர்த்தம், "வாய்ப்பை முழுக்கத் தள்ளிவிட முடியவில்லை, ஆதாரம் குறைவு" என்பதுதான். கற்றாழையின் முழு இலைச் சாறும் கிழக்காசிய வகைக் காய்கறி ஊறுகாயும் அதே பட்டியலில் இருக்கின்றன. (நம் வீட்டு மாவடுவைச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.) அதன்பின், உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் இருக்கும் ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து 2024-இல் வெளியான மதிப்பாய்வு, கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. சரி, டவரை இத்தோடு விட்டுவிடலாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

அயனியாக்கும் கதிர் ஒரு செல்லுக்குள் புகுந்து எலக்ட்ரானைத் தட்டிவிட்டால், அங்கே இருக்கும் டிஎன்ஏ இழை அறுபடலாம். இதைக் கேட்டதும் பதற வேண்டாம். நாம் மூச்சு விடுவதாலும் சாப்பாடு செரிப்பதாலும்கூட டிஎன்ஏ தினமும் சேதமாகிக்கொண்டே இருக்கிறது. செல்லுக்குள் அதைச் சரிசெய்யும் ஏற்பாடு இருக்கிறது. சரிசெய்ய முடியாத செல் பெரும்பாலும் தானாகவே செத்துவிடும். அபூர்வமாக, தப்பாக ஒட்டிக்கொண்ட இழையோடு ஒரு செல் பிழைத்துக்கொள்கிறது. அதற்குமேல் இன்னும் சில பிழைகள் சேர்ந்து, கட்டுப்பாடு இல்லாமல் அது பெருகத் தொடங்கினால் புற்றுநோய். இதற்கு வருடங்கள் ஆகும். இரத்தப் புற்றுநோய் என்றால் சில ஆண்டுகள். கட்டியாக வருபவை என்றால் பத்து ஆண்டுகளுக்கு மேல்.

ஆகவே கதிர்வீச்சு என்பது வாய்ப்பைக் கூட்டுவது. பட்டவர்களுக்கெல்லாம் வருவதும் இல்லை, படாதவர்களுக்கு வராமல் இருப்பதும் இல்லை. எவ்வளவு பட்டது என்பதுதான் கேள்வி. அதை அளக்கும் அலகு சீவர்ட். அது பெரிய அலகு என்பதால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிசீவர்ட்டை வைத்துத்தான் பேசுவார்கள். இந்தக் கட்டுரையில் இனி வரும் எண்களையெல்லாம் ஒரே ஓர் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 2.4. உலகில் சராசரி மனிதர் ஒருவர் இயற்கையிலிருந்து மட்டும் ஒரு வருடத்தில் வாங்கிக்கொள்ளும் மில்லிசீவர்ட் அது.

இயற்கையிலிருந்தா? ஆமாம். மண்ணிலும் பாறையிலும் யுரேனியமும் தோரியமும் துளித்துளியாக இருக்கின்றன. அதிலிருந்து சுமார் 0.5. வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிரால் சுமார் 0.4. இது உயரம் போகப் போகக் கூடும்; தேவனாம்பட்டினம் கடற்கரையில் நிற்பவரைவிடக் கொடைக்கானலில் நிற்பவருக்கு அதிகம். புதுச்சேரியில் பிரான்சில் உறவு இருக்கும் குடும்பங்கள் ஏராளம். சென்னையிலிருந்து பாரிஸ் வரை பத்து மணி நேரம் பறந்தால் 0.05-க்குள் கூடும், அவ்வளவே. சாப்பாட்டிலிருந்து சுமார் 0.3. வாழைப்பழம், இளநீர், கீரை எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. பொட்டாசியம் எங்கே இருந்தாலும் அதில் ஒரு சிறு பங்கு கதிரியக்கம் உடையது. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் இந்தப் பொட்டாசியம் மட்டுமே விநாடிக்கு நாலாயிரம் அணுக்கள் வீதம் சிதைந்துகொண்டிருக்கிறது. பழம் அதிகம் சாப்பிட்டால் அது ஏறுமா என்றால், ஏறாது. தேவைக்கு மேற்பட்ட பொட்டாசியத்தை உடம்பு வெளியே அனுப்பிவிடும்.

மீன் சாப்பிடுகிற நம் கரைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. கடலில் பொலோனியம்-210 இயற்கையாகவே இருக்கிறது. சிப்பி, இறால், குடலோடு சாப்பிடும் சின்ன மீன்களில் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். அதனால் மீன் சாப்பிடுகிறவர்களின் கணக்கு சைவக்காரர்களைவிடச் சற்று ஏறும். மத்தியும் நெத்திலியும் தரும் சத்தோடு ஒப்பிட்டால் இது பொருட்படுத்த வேண்டியதே இல்லை. கடல்மீனில் கதிரியக்கம் என்றதும் கல்பாக்கத்தை மட்டும் நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: உலை வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே, கடல் உண்டான நாளிலிருந்தே இது இருக்கிறது.

மீதி, அதாவது மொத்தத்தில் பாதி, ரேடான் என்ற வாயு. மண்ணில் உள்ள யுரேனியம் சிதையும்போது பிறந்து, தரையின் விரிசல் வழியாக வீட்டுக்குள் வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. அது சிதைந்து உண்டாகும் துகள்கள் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் போய் உட்காரும். குளிர்நாடுகளில் ஜன்னலை மூடியே வைத்திருப்பதால், சிகரெட்டுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். ஜன்னலைத் திறந்து போட்டுக் கடற்காற்றில் தூங்குகிற வீட்டில் ரேடான் தேங்காது. இப்போது ஏ.சி. அறைகள் பெருகிவிட்டன, காலையில் கொஞ்ச நேரம் கதவு, ஜன்னல்களைத் திறந்து வைத்தால் போதும். சமையல் மேடை கிரானைட்டும் இதே வகைதான். அதில் கதிரியக்கம் உண்டு, அளவு மிகக் குறைவு. அதைப் பெயர்த்து எடுக்கச் செலவு செய்யாதீர்கள்.

திருவிழாக் கடைகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலில் தோரியம் சேர்ப்பதுண்டு. உதிர்ந்த சாம்பலை ஊதி மூச்சில் இழுக்காமல் இருந்தால் சரி. பைக்கில் ஒட்டுகிற 'ரேடியம்' ஸ்டிக்கரில் ரேடியம் கிடையாது. விழுகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் தாள்தான் அது.

கல்பாக்கமும் நெய்வேலியும்

நேர்கோட்டில் பார்த்தால் புதுச்சேரியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே கல்பாக்கம். 1983-இலிருந்து அங்கே அணு உலை இயங்குகிறது. இதைப் பற்றிப் பேசும்போது இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உலை சாதாரணமாக ஓடும்போது அக்கம்பக்கத்தில் இருப்பவருக்கு என்ன சேர்கிறது என்பது ஒன்று. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பொதுமக்களுக்கு வைத்திருக்கும் வரம்பு, இயற்கை அளவுக்கு மேல் வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட். உலை ஓடுவதால் சேர்வது அதிலும் ஒரு சிறு பங்குதான். விபத்து நடந்தால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. 1986-இல் செர்னோபில் வெடித்தபோது, கதிரியக்க அயோடின் விழுந்த புல்லை மேய்ந்த மாட்டின் பாலைக் குடித்த குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் பெருகியது. இது வரலாறு. அணு உலை வேண்டுமா வேண்டாமா என்று வாதம் செய்பவர்கள் இந்த இரண்டாவது கேள்வியை வைத்துச் செய்யட்டும், அதற்கு நியாயம் உண்டு. கல்பாக்கம் ஓடுகிறது, அதனால்தான் எங்கள் ஊரில் புற்றுநோய் என்று சொல்வதற்கு எண்கள் இடம் தரவில்லை.

கடற்கரை மணலே சில இடங்களில் கதிரியக்கம் உள்ளது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவறா, கருநாகப்பள்ளிப் பகுதியிலும் மோனசைட் மணலில் தோரியம் நிறைந்திருக்கிறது. கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வெளியானது. மண்ணின் காமா கதிரால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த மணல் மேல் வாழ்கிறவர்கள் அவர்கள்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலும் எந்த நிலக்கரியையும் போல யுரேனியம், தோரியம் துளி உண்டு. எரிந்தபின் சாம்பலில் அது செறிவாகிறது. ஆனால் சாம்பல் பறக்கும் இடத்தில் கவலைப்பட வேண்டியது கதிருக்காக அல்ல, நுரையீரலுக்குள் போகும் நுண்தூசிக்காக. கடலூர் சிப்காட் பக்கம் ஆலைக் காற்றைப் பற்றி மக்களுக்கு இருக்கும் கவலையும் அப்படித்தான். அது வேதிப்பொருள் பிரச்சினை, அதற்கான அளவீடுகள் வேறு. கதிர்வீச்சோடு சேர்த்துக் குழப்பினால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் போய்விடுவோம்.

ஸ்கேன் சென்டரில்

இப்போது நம் கையில் இருக்கும் விஷயத்துக்கு வருவோம். மண்ணையும் வானத்தையும் நாம் மாற்ற முடியாது. எக்ஸ்ரேயும் சி.டி.யும் நாம் எடுத்துக்கொள்வது.

பல் டாக்டர் எடுக்கும் சின்னப் படம் சுமார் 0.005 மில்லிசீவர்ட். நெஞ்சு எக்ஸ்ரே 0.1 அல்லது அதற்கும் குறைவு. மார்பகத்துக்கு எடுக்கும் மேமோகிராம் 0.4. இதுவரை எல்லாம் சில்லறை. தலைக்கு சி.டி. என்றால் 2. நெஞ்சுக்கு 6, 7. வயிற்றுக்கு 8 முதல் 10. அதாவது சுமார் நூறு நெஞ்சு எக்ஸ்ரே, அல்லது நாலு வருட இயற்கைக் கதிர். மருந்து போடாமல் ஒருமுறை, போட்டு ஒருமுறை என்று எடுத்தால் இதுவும் இரட்டிப்பாகும். அந்த மருந்து கதிரியக்கம் உள்ளது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, அது அயோடின் கலந்த சாதாரணத் திரவம். அல்ட்ராசவுண்டுக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் இந்தக் கணக்கில் பூஜ்யம். எம்.ஆர்.ஐ. எவ்வளவு சத்தம் போட்டாலும் அதில் இருப்பது காந்தமும் ரேடியோ அலையும்தான்.

10 மில்லிசீவர்ட் என்றால் எவ்வளவு ஆபத்து? ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்ததிலிருந்துதான் நமக்கு முக்கியமான எண்கள் கிடைத்தன. சுமார் 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல் பட்டவர்களிடம் புற்றுநோய் கூடுவது கணக்கெடுப்பில் தெளிவாகப் பிடிபடுகிறது. அதற்குக் கீழே, பாதுகாப்பு கருதி, அளவுக்கு ஏற்ற விகிதத்தில் ஆபத்தும் குறையும் என்று வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்குப்படி 2000 பேருக்குத் தலா 10 மில்லிசீவர்ட் என்றால், கூடுதலாக ஒருவர் புற்றுநோயால் இறக்கலாம். இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வருகிறது என்பது தேசியப் பதிவேட்டுத் திட்டத்தின் மதிப்பீடு. ஆக, ஸ்கேனே எடுக்காவிட்டாலும் அந்த 2000 பேரில் 220 பேருக்கு வரத்தான் போகிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுக்கு வரலாம். தேவையான ஸ்கேனைப் பயந்து மறுப்பது முட்டாள்தனம். ஈ.சி.ஆர். ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்கும், ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டவருக்கும் சி.டி. எடுக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. அங்கே 2 மில்லிசீவர்ட்டைப் பற்றி யாரும் யோசிக்கக் கூடாது. தேவையில்லாத ஸ்கேனை, செலவு செய்ய முடிகிறது என்பதற்காக எடுப்பது அதற்கு இணையான அசட்டுத்தனம். நம் வெயிலுக்குச் சிறுநீரகக் கல் சர்வசாதாரணம். திரும்பத் திரும்பக் கல் வருகிற முப்பது வயதுக்காரர் ஒவ்வொரு வலிக்கும் ஒரு சி.டி. எடுத்தால், ஐம்பதுக்குள் அந்த 100-ஐ எட்டிவிட முடியும். பல நேரம் அல்ட்ராசவுண்டே போதும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். வேகமாகப் பெருகும் செல்கள் சுலபமாகச் சேதமாகும். பாதிப்பு வெளிப்படுவதற்கான ஆயுளும் நீளம். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் சி.டி. எடுத்த ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள், இளைஞர்களை வைத்து 2023-இல் வெளியான ஆய்வு, அளவு கூடக் கூட இரத்தப் புற்றுநோய் கூடுவதைக் காட்டியது. பத்தாயிரம் குழந்தைகளுக்கு ஒரு சி.டி. வீதம் எடுத்தால் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் ஓரிருவருக்கு அதனால் வரலாம் என்பது அவர்கள் மதிப்பு. சின்ன எண்தான். ஆனால் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டு உடனே எழுந்து ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு, பாட்டியின் மனசாந்திக்காக சி.டி. எடுப்பதற்கு அது பெரிய விலை.

டாக்டரிடம் என்ன கேட்பது? "இந்த ஸ்கேன் ரிசல்ட்டால் எனக்குத் தரப்போகும் சிகிச்சை மாறுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். அல்ட்ராசவுண்டிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பார்க்க முடியுமா என்றும் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். பீரோ மேலே கிடக்கும் பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் கவர்களை மறக்காமல் எடுத்துப் போங்கள், சி.டி. என்றால் படங்களை டிஸ்க்கிலும் வாங்கி வையுங்கள். ஊர் மாறி, ஆஸ்பத்திரி மாறி, பழைய படம் கையில் இல்லாததால் அதே ஸ்கேனை மறுபடி எடுப்பதுதான் என் பார்வையில் இருப்பதிலேயே வீணான கதிர்வீச்சு. பெண்கள், நாள் தள்ளிப் போயிருந்தால் அறைக்குள் போவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். படம் எடுக்கும்போது கூட வந்தவர்கள் வெளியே நிற்பது நல்லது. குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் ஈயக் கவசம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணி அந்த வேலைக்கு வேண்டாம். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒரு பங்காகக் குறையும். மெஷினை நிறுத்தியதும் அறைக்குள் எதுவும் மிச்சம் இருக்காது, சுவரிலோ கட்டிலிலோ ஒட்டிக்கொண்டிருக்காது. எக்ஸ்ரே மெஷின் எதுவானாலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம்.

கரண்ட் வைத்தவர் வீட்டுக்கு வந்தால்

கோரிமேட்டில் ஜிப்மரின் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து தினமும் ஆட்கள் வருகிறார்கள். கதிர் சிகிச்சையை நம் மக்கள் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். சிகிச்சையில் கட்டி இருக்கும் இடத்துக்கு மட்டும், ஸ்கேனில் வருவதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு கதிர், பல நாளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். டிஎன்ஏவை அறுக்கிற அதே குணத்தை இங்கே கட்டியின் மேல் திருப்பிவிடுகிறார்கள்.

வெளியிலிருந்து கரண்ட் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருபவர் உடம்பில் கதிர் எதுவும் தங்காது. அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பதும், பேரப்பிள்ளையைக் கிட்டே விடாமல் தடுப்பதும் வேண்டாத கொடுமை. விதிவிலக்கு இரண்டு உண்டு. தைராய்டு சிகிச்சைக்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர் சில நாள் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகி இருக்க வேண்டும். எத்தனை நாள் என்பதை ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்புவார்கள். கதிரியக்க மருந்தை உடம்புக்குள் ஏற்றி எடுக்கும் படம் பெட் ஸ்கேன்; அதற்கு ஊசி போட்டவருக்குச் சில மணி நேரம் போதும். அந்த மருந்து 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும்.

வெயில், வெற்றிலைப் பெட்டி, அடுப்பு

சூரியனின் புற ஊதாக் கதிர் இரண்டு வகைக்கும் நடுவில் எல்லையில் நிற்கிறது. எக்ஸ்ரே போல ஊடுருவாது, ஆனால் தோலின் மேற்பரப்பில் டிஎன்ஏவைக் கெடுக்கும். நம் கருத்த தோல் நல்ல காவல். வெள்ளைக்காரர்களிடம் இருக்கும் அளவுக்குத் தோல் புற்றுநோய் நம்மிடம் இல்லை. ஆனால் கண்ணுக்கும் உதட்டுக்கும் அந்தக் காவல் கிடையாது. கடலில் நாள் முழுக்க இருக்கும் மீனவர்களுக்குக் கருவிழியை நோக்கிச் சதை வளர்வதும், கண்புரை சீக்கிரம் வருவதும் இதனால்தான் அதிகம். அகலமான தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அலங்காரம் இல்லை. வெண்புள்ளி உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெல்டிங் பட்டறைப் பையன்கள் வெறும் கண்ணால் தீப்பொறியைப் பார்ப்பதையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். வெல்டிங்கின் புற ஊதாக் கதிரும் புகையும் புற்றுநோய்க் காரணிகள் என்று 2017-இல் உறுதி செய்யப்பட்டன.

இத்தனை கதிர்களையும் சேர்த்துப் போட்டாலும் நம் ஊர்ப் புற்றுநோய்ப் பட்டியலில் முதலிடம் அவற்றுக்குக் கிடைக்காது. இந்திய ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. பெண்களிடம் மார்பகமும் கருப்பைவாயும். வாய்க்குக் காரணம் புகையிலை, பாக்கு. புகையிலை சேர்க்காத வெறும் சீவலே உறுதிப்படுத்தப்பட்ட புற்றுநோய்க் காரணி. கல்யாணப் பந்தியில் எப்போதாவது போடும் ஒரு வெற்றிலையை நான் சொல்லவில்லை. நாள் முழுக்கக் கடைவாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கத்தையும், பள்ளி வாசலில் பிள்ளைகள் வாங்கித் தின்னும் இனிப்புப் பாக்குப் பொட்டலத்தையும் சொல்கிறேன். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒரு செய்தி: புகையிலைச் செடியின் இலையில் பொலோனியம்-210 படிகிறது. டவருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து பீடி பற்றவைப்பவர், உண்மையான ஆல்ஃபா துகள்களை நேராக நுரையீரலுக்கே அனுப்புகிறார். ரேடானும் சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து ஒன்றுக்கொன்று பெருக்கிக்கொள்ளும்.

அப்புறம் மது. கடலூர்ப் பக்கமிருந்து எல்லை தாண்டிப் புதுச்சேரிக்கு எதற்காகப் போகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெண்களுக்கு மார்பகம் என்று மதுவால் வரும் புற்றுநோய்கள் பல. விலை குறைவு என்பதால் ஆபத்து குறையாது. புகையிலையும் மதுவும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் இன்னும் மோசம். விறகடுப்புப் புகையும் இந்த வரிசையில் வரும். கேஸ் வந்தபின் இதில் நிலைமை மாறியிருக்கிறது.

தடுப்பூசியால் தடுக்கக்கூடிய புற்றுநோய்கள் இரண்டு. கல்லீரலுக்கு ஹெபடைட்டிஸ் பி ஊசி, பிறந்த குழந்தைக்கே போடுவது. கருப்பைவாய்க்கு எச்.பி.வி. ஊசி, பெண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதில் போட்டால் முழுப் பலன். வயது தாண்டிய பெண்களுக்குப் பரிசோதனை இருக்கிறது. கருப்பைவாயில் வினிகர் போன்ற திரவத்தைத் தடவி நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை. நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது: இந்த எளிய சோதனையை ஒருமுறை செய்ததிலேயே கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு இலவசமாகவே செய்கிறார்கள். கதிர்வீச்சு பூஜ்யம்.

வாய்ச் சோதனைக்கும் அதே பூஜ்யம்தான். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறக்க முடியாமல் இறுகுவது, இதில் எது இருந்தாலும் பல் டாக்டரிடமே காட்டலாம். மார்பில் கட்டி, மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது இவையும் காத்திருக்கக் கூடாதவை. இப்படி ஏதாவது இருந்து, அதற்காக டாக்டர் சி.டி. எழுதினால் மறுபேச்சில்லாமல் எடுங்கள்.

எதுவுமே இல்லாமல் நன்றாக இருப்பவரிடம் "முழு உடம்பு ஸ்கேன், சலுகை விலை" என்று யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பெட்-சி.டி. ஒன்று சுமார் 25 மில்லிசீவர்ட். பத்து வருட இயற்கைக் கதிரை ஒரு முற்பகலில் வாங்கிக்கொண்டு வருவீர்கள். கூடவே, ஒன்றும் செய்யாமல் கிடந்திருக்கும் ஏதோ ஒரு சிறு புள்ளி படத்தில் தெரியும். அது என்ன என்று பார்க்க, மூன்று மாதம் கழித்து இன்னொரு சி.டி. எழுதுவார்கள்.